கண்மாய்க் கரையில் முதல் தூண்டில்: புதிதாக மீன் பிடிக்கப் போகிறவருக்கு

முதன்முதலாக மீன் பிடிக்கப் போனபோது என் கையில் இருந்தது மூவாயிரம் ரூபாய்க் கம்பு. டவுனில் ஒரு கடையில் ரீல், அரை மில்லிமீட்டர் கனத்தில் தூண்டில் நரம்பு, ஆட்காட்டி விரல் அளவுக்குத் தூண்டில் முள், பளபளவென்று நாலு ரப்பர் மீன் எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க் கரையில் நின்றேன். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. பத்தடி தள்ளி ஒரு பையன், ஏழாவது படிப்பான், மூங்கில் குச்சியோடு குத்தவைத்து உட்கார்ந்து வாரா வாரம் அரை வாளி கெண்டை எடுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம் எழுந்து வந்து என் முள்ளைத் தூக்கிப் பார்த்தான். “அண்ணே, நம்ம கம்மாயில கெடக்குற மீனு வாயை விட ஒங்க முள்ளு பெருசா இருக்கே” என்றான்.

அவன் சொல்லிக் கொடுத்ததும், அதற்கப்புறம் நானாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதும்தான் இதில் இருக்கிறது. என் யோசனை ஒன்றுதான்: முதல் மூன்று மாதம் பெரிய மீனை மறந்துவிடுங்கள். ஒரே கண்மாய், ஒரே மூங்கில் கம்பு, சின்னக் கெண்டை. தண்ணீரில் மிதக்கும் தக்கை ஆடுவதைப் பார்த்துக் கீழே என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வரும்.

நான் கண்மாய் என்று எழுதும் இடத்தில் வடக்கே இருப்பவர்கள் ஏரி என்று வாசித்துக்கொள்ளுங்கள். குளம், ஆற்று மடு எல்லாவற்றுக்கும் இதே வித்தைதான்.

யாருடைய தண்ணீர், யாருடைய மீன்

கம்பு வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். தண்ணீர் பொதுவில் கிடக்கிறது என்பதால் மீனும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான கண்மாய்களில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். எங்கள் பக்கம் மீன்பாசி ஏலம் என்பார்கள். ஏலம் எடுத்தவர் கைக்காசு போட்டுக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அதை நீங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்குத் தூக்கிக்கொண்டு போனால் அவருக்கு வயிறு எரியும்.

ஆகவே முதல் வேலை, கரையில் இருக்கும் டீக்கடையில் “இந்தக் கம்மா யாரு எடுத்திருக்காங்க?” என்று கேட்பது. நேரில் போய், “தூண்டிதான் போடுறேன், சில்லறை மீனு மட்டும் எடுத்துக்கிறேன்” என்று சொன்னால் பாதிப் பேர் சரி என்றுவிடுவார்கள். கெண்டை, ஜிலேபி, கெளுத்தி எல்லாம் தானாக வந்து பெருகுகிறவை. குஞ்சு விட்டு வளர்த்த மீன் மாட்டினால் திருப்பி விட்டுவிடுகிறேன் என்ற வார்த்தையையும் கொடுத்துவிடுங்கள். முடியாது என்றால் வாக்குவாதம் வேண்டாம், அடுத்த கண்மாய்க்குப் போங்கள். அணைகளில் மீன்வளத்துறையிடமோ குத்தகைதாரரிடமோ அனுமதி கேட்க வேண்டும். பறவைகள் சரணாலயக் கண்மாய்கள், காட்டுக்குள் இருக்கும் நீர்நிலைகள், கோயில் தெப்பக்குளங்கள் பக்கம் கம்போடு போகவே போகாதீர்கள். பாபநாசம் படித்துறையில் கூட்டங்கூட்டமாக மீன் மொய்ப்பதைப் பார்த்தால் கை அரிக்கத்தான் செய்யும். அங்கே பொரி போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

கோடையில் தண்ணீர் வற்றியதும் சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். அன்றைக்கு ஊரே ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு இறங்கும். அது தனிக் கொண்டாட்டம். அங்கே தூண்டிலுக்கு வேலை இல்லை.

தண்ணீருக்குள் யார் யார்

புதிதாக வருகிறவருக்கு நாலு மீன் தெரிந்தால் போதும்.

கெண்டையில் பல வகை உண்டு. விரல் நீளச் சின்னக் கெண்டை கூட்டமாக நடுத்தண்ணீரில் திரியும், எதைப் போட்டாலும் கொத்திப் பார்க்கும். பழகுவதற்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஜிலேபி, அதாவது திலாப்பியா, நம் ஊர் மீன் இல்லை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்றைக்கு அது இல்லாத குட்டை இல்லை என்ற அளவுக்குப் பரவிவிட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும் மீன், அழிவது கஷ்டம். கரையோரத் தண்ணீர் தெளிவாக இருந்தால் தரையில் தட்டு தட்டாக வட்டக் குழிகள் தெரியும். அது ஜிலேபி ஆண் மீன் தோண்டிய கூடு. அங்கே உட்கார்ந்தால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

கெளுத்தி தரையோடு போகும். வெயில் தாழ்ந்ததும் இரை தேடக் கிளம்பும். விரால் இவற்றையெல்லாம் தின்னும் வேட்டைக்காரன். இலை, தழை, வேர் ஓரத்தில் அசையாமல் கிடக்கும். தண்ணீருக்கு மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுப் போகும் மீன் என்பதால் அது இருக்கும் இடத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். ஆனால் விராலைப் பிடிப்பதை இரண்டாவது வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள்.

குரவை, உளுவை, ஆரல், தேளி எல்லாம் போகப் போகத் தானாக அறிமுகமாகும். தேளி கொஞ்சம் வலிக்கும்படி அறிமுகமாகும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பும் நரம்பும்

கம்பு: பத்திலிருந்து பன்னிரண்டு அடி நீள மூங்கில். அடிப்பக்கம் கைக்கு அடங்கும் பருமன், நுனி சுண்டுவிரலை விட மெல்லிசு. பச்சையாக வெட்டியதை நிழலில் இரண்டு மூன்று வாரம் காயப்போட்டால் எடை பாதியாகும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் ஃபைபர் கம்பு கடைகளில் கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான். ஆனால் மூங்கில் நுனி கொடுக்கும் அதிர்வு கைக்கு வேறு மாதிரி வரும். நான் இன்னும் மூங்கில் கட்சி.

நரம்பு: சிலர் தங்கூஸ் என்பார்கள். சின்ன மீனுக்கு 0.20 மில்லிமீட்டர், ஜிலேபி, கெளுத்திக்கு 0.25 முதல் 0.30. கனத்த நரம்பு பலமானதுதான். ஆனால் அது விறைப்பாக நிற்கும், இரையை இயல்பாக விழவிடாது. நரம்பின் நீளம் கம்பின் நீளத்துக்குச் சமமாகவோ ஒரு சாண் குறைவாகவோ இருக்கட்டும். நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டு விடாதீர்கள். இரண்டடி உள்ளே தள்ளி ஒரு கணுவில் முதல் கட்டு, அங்கிருந்து நாலைந்து சுற்றாகச் சுற்றிக்கொண்டு போய் நுனியில் இரண்டாவது கட்டு. மீன் இழுத்து நுனி முறிந்தாலும் நரம்பு கம்போடுதான் இருக்கும்.

தக்கை: நெட்டி, காய்ந்த சோளத்தட்டை, தெர்மாகோல் துண்டு, எதுவும் ஆகும். மெலிந்து நீண்ட தக்கைதான் சின்னக் கடியையும் காட்டும். உருண்டைத் தக்கை பெரிய மீன் இழுத்தால்தான் அசையும். பையன்கள் செய்வது போல சைக்கிள் வால்ட்யூப்பை மோதிரம் மோதிரமாக நறுக்கி, இரண்டு மோதிரத்தை நரம்பில் கோத்து, அதற்குள் தக்கையைச் செருகிவிட்டால் வேண்டிய இடத்துக்கு மேலும் கீழும் தள்ளிக்கொள்ளலாம். ஐந்து ரூபாய் வேலை. கடையில் விற்கும் எந்தத் தக்கையும் இதைவிட நன்றாக ஏறி இறங்கி நான் பார்த்ததில்லை.

ஈயம்: முள்ளுக்கு நாலு விரல் மேலே, நரம்பில் கடித்து நிற்கும் குட்டி ஈயக்குண்டு. கடித்து என்று சொன்னதற்காகப் பல்லால் கடிக்காதீர்கள், ஈயம் உடம்புக்கு ஆகாது. சின்னக் குறடு போதும். எவ்வளவு ஈயம்? தக்கையின் தலை தண்ணீருக்கு மேலே ஒரு நகம் அளவு மட்டும் தெரியும் வரை சேர்த்துக்கொண்டே போங்கள். பாதித் தக்கை வெளியே நின்றால், மீன் அதை அமுக்கச் சிரமப்பட்டு இரையைத் துப்பிவிடும். புதியவர்களில் பத்தில் எட்டுப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

முள்: நம்பர் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும், குழம்ப வேண்டாம். சின்னக் கெண்டைக்கு 12 அல்லது 14, ஜிலேபிக்கு 8 அல்லது 10, கெளுத்திக்கு 6. ஒவ்வொன்றிலும் பத்து வாங்கி வையுங்கள். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் தினமும் நாலைந்தை வாங்கிக்கொள்ளும்.

முள் கட்டுவது

தலையில் துளை உள்ள முள் என்றால் எளிது. நரம்பைத் துளைக்குள் விட்டு ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த நுனியை மேலே போகும் நரம்பின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். இப்போது துளையை ஒட்டி ஒரு சின்ன வளையம் தெரியும். நுனியை அதற்குள் விடுங்கள். இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடும். அப்புறம் மெதுவாக இழுத்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகப் போய் உட்காரும். வால் நரம்பை எள்ளளவு விட்டு வெட்டுங்கள்.

துளை இல்லாமல் தலை தட்டையாக இருக்கும் முள் மலிவாகக் கிடைக்கும். அதற்கு நரம்பைத் தண்டோடு சேர்த்துப் படுக்கவைத்து, ஒரு வளையம் விட்டு மடக்கி, நுனியால் தண்டையும் நரம்பையும் சேர்த்து ஏழு சுற்றுச் சுற்றி, நுனியை வளையத்துக்குள் விட்டு மேல் நரம்பை இழுக்க வேண்டும். நரம்பு தட்டைத் தலையின் உள்பக்கமாக, அதாவது முள் கூர் இருக்கும் பக்கமாக வெளிவர வேண்டும். வெளிப்பக்கம் வந்தால் சுண்டும்போது முள் திரும்பிக்கொள்ளும். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே இருபது தடவை கட்டிப் பழகிவிட்டுக் கரைக்கு வாருங்கள். காற்றிலும் வெயிலிலும் முதல் தடவையாகக் கட்ட முயன்றால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

இரை

மண்புழுவை மிஞ்சியது எதுவும் இல்லை. குழாயடி, வாழை மரத்தடி, பழைய சாணிக்குப்பை, இந்த மூன்று இடத்தில் ஒரு சாண் தோண்டினால் கிடைக்கும். சாணிக்குப்பையில் இருக்கும் சிவந்த ஒல்லிப் புழு தண்ணீரில் நெடுநேரம் துள்ளும், அதற்குத்தான் முதல் மரியாதை. கொட்டாங்குச்சியில் ஈர மண்ணோடு போட்டு நிழலில் வையுங்கள். கெண்டைக்கு முழுப்புழு போடக் கூடாது. பச்சைப்பயறு அளவு துண்டு, முள் கூர் மறையும் அளவு, அவ்வளவுதான். கெளுத்திக்கு முழுப்புழுவைக் கோத்து அரை அங்குல வாலை ஆட விடுங்கள்.

மாவு இரைக்குக் கோதுமை மாவோடு கால் பங்கு கடலைப் பிண்ணாக்குப் பொடி சேர்த்து, சப்பாத்தி மாவை விட இறுக்கமாகப் பிசையுங்கள். தண்ணீரில் சீக்கிரம் கரைகிறதா? ஒரு சிட்டிகைப் பஞ்சை நார் நாராகப் பிய்த்துச் சேர்த்துப் பிசைந்தால் முள்ளை விட்டுப் போகாது. மீனைக் கூட்ட வேண்டுமென்றால் தவிடும் பிண்ணாக்கும் ஈரமாகப் பிசைந்து எலுமிச்சை அளவு இரண்டு உருண்டை போடுங்கள். அதற்கு மேல் போட்டால் மீன் வயிறு நிறைந்து உங்கள் முள்ளைத் திரும்பிப் பார்க்காது.

எப்போது, எங்கே

காலையில் வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, மாலையில் நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் மேல்தண்ணீர் சுட்டுவிடும், மீன் ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடும். ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருக்கும் குட்டையில் விடியற்காலை போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஆகா, எவ்வளவு மீன் என்று தோன்றும், ஒன்றும் கடிக்காது. இரவெல்லாம் பாசியும் மற்ற உயிர்களும் சேர்ந்து தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துவிடுவதால் அவை மூச்சுக்குத் திண்டாடுகின்றன. வெயில் ஏறிப் பாசி மறுபடி ஆக்சிஜன் விட ஆரம்பித்த பிறகுதான் அவற்றுக்குப் பசி வரும். அங்கே எட்டு மணிக்குப் போனால் போதும்.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகியிருக்கும்போது மீன் பரந்து கிடக்கும், பிடிப்பது சிரமம். தை, மாசிக்கு மேல் தண்ணீர் வடிய வடிய ஒரே இடத்தில் கூடும். கற்றுக்கொள்வதற்கு அதுதான் காலம்.

உட்காரும் இடத்துக்கு நான் பார்க்கும் அடையாளங்கள் இவை. மடை வாய்க்குப் பக்கம் தண்ணீர் ஆழமாக இருக்கும். அல்லி இலைப் பரப்பு முடிகிற ஓரம். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரை, ஏனென்றால் மிதக்கிற தீனியெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். மீன்கொத்தி ஒரே குச்சியில் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தால் கீழே சின்ன மீன் கூட்டம் இருக்கிறது. தரையிலிருந்து ஊசி ஊசியாகக் குமிழிகள் வரிசையாக வந்து, அந்த வரிசை நகர்ந்துகொண்டே போனால் மீன் சேற்றைக் கிளறி மேய்கிறது. ஒரே இடத்தில் பெரிய குமிழி வந்தால் அது சேற்றுக் காற்று, ஏமாந்துவிடாதீர்கள். “ளொப்” என்று சத்தம் கேட்டு வட்டம் விரிந்தால் விரால் மூச்சு வாங்கிவிட்டுப் போகிறது.

உட்கார்ந்ததும் நிழல் தண்ணீரில் விழாமல் பாருங்கள். பேசலாம், பாதகமில்லை, தரையில் தொம் தொம் என்று நடப்பதுதான் மீனுக்குக் கேட்கும்.

அப்புறம் ஆழம். முள்ளில் ஒரு கனத்த ஈயத்துண்டைச் செருகிப் போடுங்கள். தக்கை முழுகிப்போனால் ஆழம் அதிகம், தக்கையை மேலே தள்ள வேண்டும். தக்கை படுத்துக் கிடந்தால் நரம்பு மிச்சம், கீழே இறக்க வேண்டும். தலை மட்டும் சரியாகத் தெரிந்தால் அதுதான் தரை அளவு. கெளுத்திக்கு அந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள், ஜிலேபிக்கு ஒரு சாண் மேலே, கெண்டைக்குப் பாதி ஆழம். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாதவர்கள் மாலை வரை மீனே இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தக்கை சொல்வது

எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

கம்பை வலது கையில் சாய்வாகப் பிடித்து, இடது கையால் ஈயத்துக்கு மேலே நரம்பைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். நுனி வளையும். கம்பை மேலே தூக்கிக்கொண்டே நரம்பை விட்டால் இரை ஊஞ்சல் மாதிரி முன்னால் போய்ச் சத்தமில்லாமல் விழும். தலைக்கு மேலே சாட்டை மாதிரி வீச வேண்டிய அவசியமே இல்லை. அப்படி வீசித்தான் என் காது மடலில் ஒரு தடவை நானே முள்ளை மாட்டிக்கொண்டேன்.

இரை விழுந்தபின் தக்கை நிமிர்ந்து நிற்க இரண்டு மூன்று விநாடி எடுக்கும். நிமிரவே இல்லையென்றால் விழும்போதே ஏதோ ஒன்று இரையைப் பிடித்துவிட்டது, சுண்டுங்கள்.

சின்னக் கெண்டை வந்தால் தக்கை நடுங்கும். டிக், டிக், டிக். அது இரையை முகர்ந்து கொத்துகிற நேரம். அப்போது சுண்டினால் வெறும் முள்தான் வரும். நடுக்கம் நின்று, ஒரு மூச்சு இடைவெளிக்குப் பிறகு தக்கை சாய்வாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்தச் சாய்வைக் கண்டதும் மணிக்கட்டை மட்டும் மேலே சுண்டுங்கள். கை முழுக்க வேண்டாம். தோள் ஆடினால் கெண்டை தலைக்கு மேலே பறந்து பின்னால் நிற்கும் கருவேல மரத்தில் தொங்கும். பார்த்திருக்கிறேன், என் மீன்தான்.

ஜிலேபி நிதானக்காரன். இரையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் மேலே எழும்பும். ஈயத்தின் எடையும் சேர்ந்து தூக்கப்படுவதால் தக்கை முழுகுவதற்குப் பதிலாக மேலே எழும்பிப் படுத்துவிடும். புதியவர்கள் “என்னடா இது, தக்கை மிதக்குது” என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரம் மீன் வாயில் முள் இருக்கிறது. படுத்தால் உடனே சுண்ட வேண்டும்.

கெளுத்திக்கு நாகரிகம் கிடையாது. தக்கை நின்ற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். இரையை விழுங்கியே விடும், அவசரப்பட வேண்டாம்.

தக்கை ஆடாமல், முழுகாமல், மெதுவாக ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறதா? நண்டு. இரையை உருட்டிக்கொண்டு போகிறது. இடத்தை மாற்றுங்கள், அது இருக்கும் வரை புழு வீண். கனமாக, துடிப்பே இல்லாமல் இழுத்தால் ஆமையாக இருக்கலாம். நம் நீர்நிலைகளில் இருக்கும் ஆமைகள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. மெல்லக் கரைக்கு இழுத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். ஆழமாக மாட்டியிருந்தால் நரம்பை முள் அருகே வெட்டிவிடலாம். வேடிக்கைக்குக்கூட வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கரைக்குக் கொண்டுவந்த பின்

உள்ளங்கை அளவு மீனைக் கம்பாலேயே தூக்கலாம். அதற்கு மேல் பெரிதென்றால் தூக்காதீர்கள். கம்பை நிமிர்த்திப் பிடித்து நுனி வளைந்து கொடுக்க விடுங்கள், மீன் ஓடி ஓடிக் களைக்கட்டும். பக்கவாட்டில் திரும்பி வயிறு வெளுக்கக் கிடந்தால் பின்னால் நடந்து சரிவான கரையில் இழுத்துவிடலாம்.

திரும்ப விடப்போகும் மீனை உலர்ந்த கையால் தொடக் கூடாது, அதன் உடம்பு வழுவழுப்புப் போய்விட்டால் நோய் பிடிக்கும். வைத்துக்கொள்ளும் மீனை வாளியில் துள்ளித் துள்ளிச் சாக விடாதீர்கள். கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலைமேல் கட்டையால் ஒரு அடி. செவுளைக் கிள்ளி எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். ஐஸ் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டது ஒரு மணி நேரத்தில் குழம்புக்கு ஆகாது.

கெளுத்தியை எடுக்கும்போது முதுகில் ஒன்று, இரண்டு பக்கச் செவுளுக்குப் பின்னால் ஒவ்வொன்று என்று மூன்று முள் விறைத்து நிற்கும். முதுகு முள்ளுக்குப் பின்னாலிருந்து, பக்க முட்கள் விரலிடுக்கில் வரும்படி பிடிக்க வேண்டும். கை பழகும் வரை துண்டால் அமுக்கிப் பிடியுங்கள். தேளி இன்னும் மோசம். பேருக்கு ஏற்றபடி அதன் பக்க முட்களில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து அரை மணி நேரமாவது கையை முக்கி வையுங்கள், அந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும். குத்தாத கையை முதலில் விட்டுச் சூடு பாருங்கள், வலியில் வெந்துபோவதுகூடத் தெரியாது. அப்புறம் டாக்டரிடம் போங்கள். தூண்டில் முள் விரலில் எதிர்முள் (கூருக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சின்ன முள்) வரை இறங்கிவிட்டாலும் வீரம் காட்டிப் பிடுங்க வேண்டாம். நரம்பை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரி, டி.டி. ஊசி.

உயிர்ப் பயம்

சின்ன மீன் குத்துவதெல்லாம் பெரிய விஷயமில்லை. கண்மாயில் ஆள் சாவது மண் எடுத்த பள்ளத்தில்தான். முழங்கால் தண்ணீர் என்று நடந்து போவீர்கள், அடுத்த அடி பன்னிரண்டு அடிப் பள்ளமாக இருக்கும். மாட்டிக்கொண்ட முள்ளை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், முள் இரண்டு ரூபாய்தான். ஓடுகிற மடை, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு, தண்ணீர் திறந்துவிடும் அணையின் அடிவாரம், இந்த மூன்று இடத்திலும் நிற்கவே வேண்டாம்.

கரைமேல் பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகளைத் தலை தூக்கிப் பாருங்கள். நனைந்த மூங்கிலிலும் கார்பன் கம்பிலும் மின்சாரம் பாயும். இடி இடித்தால் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு இறங்குங்கள். தண்ணீரில் நெளிவது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு. பயம் கரைப் புல்லில் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியனிடம்தான். செருப்பை விட மூடிய காலணி நல்லது, கருவேல முள்ளுக்கும் அது உதவும். தனியாகப் போகாதீர்கள்.

விட வேண்டியவை

மழை தொடங்கிப் புதுத்தண்ணீர் வரும்போது மீன் முட்டை வைக்க எதிரேறி வரும். வயிறு பருத்த மீன் மாட்டினால் விட்டுவிடுவது என் வழக்கம். சுண்டுவிரல் அளவுக் குஞ்சுகளையும் அப்படியே. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு: தண்ணீர் மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால், கீழே தாய் விராலும் தகப்பன் விராலும் காவல் நிற்கின்றன. அந்த நேரம் கண்முன் எதை ஆட்டினாலும் குஞ்சுக்கு ஆபத்து என்று அது பாய்ந்து கடிக்கும். அதைப் பிடிப்பதில் திறமையும் இல்லை. பெற்றோர் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும்.

காவிரியில் ஒகேனக்கல் பக்கம் போய்த் தூண்டில் போடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டீர்கள் என்றால், அங்கே இருக்கும் திமில் மசீர் என்ற மீன் 2018-இல் மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். தவறி மாட்டினாலும் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி அனுப்பிவிட வேண்டும். வெடி, விஷம் போட்டுப் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தொட்டே குற்றம். பக்கத்தில் யாராவது செய்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சட்டிக்கு

கண்மாய் மீனில் மண் வாடை அடிக்கிறது என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். பாசி வகைகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் காரணம். மழை பெய்ததும் மண்ணில் எழும் வாசனையும் அதே பொருள்தான். மண்ணில் மணக்கிறது, மீனில் நாறுகிறது. புளிப்புப் பட்டால் அது சிதையும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளிக்கரைசலிலோ மோரிலோ கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் பாதி வாடை போய்விடும், மீதியைக் குழம்புப் புளி பார்த்துக்கொள்ளும். வயிற்றின் உள்ளே இருக்கும் கறுப்புத் தோலையும் உரித்துவிடுங்கள். சாக்கடை கலக்கிற கண்மாய் மீனை எந்தப் புளியும் சரிசெய்யாது. அங்கே பிடித்தால் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ரீல் எப்போது வாங்கலாம்

கம்பு எட்டாத தூரத்தில் மீன் துள்ளுவதைப் பார்த்து வயிறெரிகிற நாளில். ஆறு, ஏழு அடிக் கம்பு, 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், 0.28 நரம்பு. பெரிய மீன் இழுத்தால் நரம்பு அறாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி ரீலின் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும். கையால் சுளீரென்று இழுத்தால் நரம்பு வெளியே வரணும், அந்த அளவு. முதலில் காலி மைதானத்தில் நரம்பு நுனியில் ஒரு நட்டைக் கட்டி நூறு தடவை வீசிப் பழகுங்கள். அதன் பிறகு ரப்பர் தவளையை வாங்கி விரால் பக்கம் போகலாம். என் மூவாயிரம் ரூபாய்க் கம்பு இரண்டு வருஷம் பரணில் கிடந்துவிட்டு இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறது.

கிளம்பும்போது வெட்டிப் போட்ட நரம்புத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கொக்கின் காலில் சுற்றினால் அது அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் முள்ளில் ஒட்டியிருக்கும் இரையைத் துடைத்து, முள்ளைத் தெர்மாகோல் துண்டில் குத்தி, கம்பை உயரத்தில் மாட்டுங்கள். ஒருநாள் சோம்பல்பட்டு மீன் வாசத்தோடு வாசலில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பூனை அலறியது. உதட்டிலிருந்து முள்ளை எடுப்பதற்குள் எனக்கும் அந்த வீட்டு அக்காவுக்கும் கை முழுக்கக் கீறல். மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை.